விக்கிபீடியாவில் எழுதியது ஏன் அழிக்கப்படுகிறது? பண்ணைக்காடு முதல் உச்ச நீதிமன்றம் வரை: முழு விளக்கம்

சொந்த ஊரைப் பற்றி விக்கிபீடியாவில் நாலு வரி எழுதி சேமிக்கிறீர்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அந்த வரிகளைக் காணோம். பழைய பக்கமே மறுபடி வந்து நிற்கிறது. "எங்க ஊரைப் பத்தி எனக்குத் தெரியாதா? அழிக்கிறதுக்கு இவங்க யாரு?" என்று கோபம் வரும்.

இந்தக் கோபம் சின்ன ஊர்ப் பக்கங்களோடு நிற்பதில்லை. நாட்டின் பெரிய செய்தி நிறுவனங்களில் ஒன்றான ஏஎன்ஐ, தன்னைப் பற்றிய விக்கிபீடியா பக்கத்துக்கு எதிராக 2024-ல் நீதிமன்றம் போனது. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

எழுதியதை அழிப்பது யார், எதற்காக? எந்தச் சான்று செல்லும், எது செல்லாது? அழித்துவிட்டால் என்ன செய்வது? கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம்.

அழிப்பது யார்?

விக்கிபீடியா 2001 ஜனவரி 15-ல் ஆங்கிலத்தில் தொடங்கியது. தமிழ் விக்கிபீடியா 2003-ல் வந்தது. 2017 மே மாதம் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

இதற்கு முன் தமிழில் வந்த பெரிய கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 10 தொகுதிகளாக வெளியிட்டது. அதில் துறை அறிஞர்கள் எழுதினார்கள், ஆசிரியர் குழு சரிபார்த்தது. விக்கிபீடியாவில் அப்படி ஆசிரியர் குழு கிடையாது. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம்.

அதனால் சரிபார்க்கிற வேலையும் பொதுவில்தான் நடக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் 'வரலாறு' என்று ஒரு பகுதி இருக்கும். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது எல்லாம் அதில் பதிவாகும். ஒரு மாற்றம் சரியில்லை என்று இன்னொருவர் நினைத்தால், அதற்கு முந்தைய நிலைக்குப் பக்கத்தைத் திருப்பலாம். இதற்குப் பெயர்தான் மீளமைப்பு. இணையத்தில் பலரும் 'ரிவர்ட்' என்று சொல்வது இதைத்தான்.

மீளமைப்பவர் பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு பயனர்தான். சம்பளம் வாங்கும் ஊழியர் இல்லை. தமிழ் விக்கிபீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் சில நூறு பேர்தான். ஆங்கிலத்தில் வேலை பெரிது என்பதால் தானியங்கி மென்பொருள்களும் இருக்கின்றன. கெட்ட வார்த்தை, பக்கத்தையே காலி செய்வது போன்ற விஷமங்களை அவை சில நொடிகளில் திருப்பிவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். மீளமைத்தால் நீங்கள் எழுதியது பக்கத்தில் தெரியாதே தவிர, வரலாற்றில் அப்படியே இருக்கும். சரியான சான்றோடு வந்தால் அதை மறுபடி கொண்டு வர முடியும்.

உண்மைதானே எழுதினேன், பிறகென்ன?

பாதிச் சண்டைகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. விக்கிபீடியாவின் அடிப்படை விதி, "இது உண்மையா?" என்று மட்டும் கேட்பதில்லை. "இதைப் படிக்கிற முன்பின் தெரியாத ஒருவர், சரியா என்று தானாகப் போய்ப் பார்க்க முடியுமா?" என்று கேட்கிறது. தமிழ் விக்கிபீடியாவில் இதற்கு 'மெய்யறிதன்மை' என்று பெயர்.

எழுதுகிறவர் யார் என்றே தெரியாத இடம் அது. "நான் அந்த ஊர்க்காரன்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ஊர்க்காரர்தான் என்று நம்பினாலும், பக்கத்துத் தெருக்காரர் வேறு கதை சொன்னால் யாரை நம்புவது? ஆளை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதால், வெளியே அச்சில் அல்லது இணையத்தில் ஏற்கெனவே வெளியான சான்றை வைத்து முடிவு செய்கிறார்கள்.

அதனால் உங்கள் வரியை ஒருவர் திருப்பினால், "நீ பொய் சொல்கிறாய்" என்று அவர் சொல்வதாக அர்த்தம் இல்லை. பல நேரங்களில், "எங்கே பார்த்துச் சரிபார்ப்பது?" என்று கேட்கிறார், அவ்வளவுதான். சந்தேகம் லேசாக இருந்தால் வரியை விட்டுவைத்து, பக்கத்தில் 'சான்று தேவை' என்று குறி போடுவதும் உண்டு.

பண்ணைக்காட்டை வைத்துப் பார்ப்போம்

பண்ணைக்காடு, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் வட்டத்தில் இருக்கும் பேரூராட்சி. காபி, மலைவாழை, ஆரஞ்சு, மிளகு, பட்டர் ஃப்ரூட் விளையும் கீழ்ப்பழனி மலைப்பகுதி. இந்த ஊரைப் பற்றி ஒருவர் ஐந்து மாற்றங்கள் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்காகச் சொல்லும் உதாரணங்கள்தான்.

1. "இப்போது மக்கள்தொகை இரண்டு மடங்கு ஆகிவிட்டது."
இது நிற்காது. கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. 2021-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்பு 2027-க்கு என அரசு அறிவித்திருக்கிறது. அதுவரை பக்கத்தில் 2011 எண்தான் இருக்கும். பழைய எண் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எந்த ஆண்டின் எண் என்று சொல்லி எழுதியிருப்பதால் அதில் தவறு இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் கணக்கு அப்படி இல்லை.

2. "இங்குள்ள கற்திட்டைகளைப் பாண்டவர்கள் வனவாசத்தில் கட்டினார்கள்."
பழனி மலையில் பல இடங்களில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் இருக்கின்றன. பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்லும் கதை தென்னிந்தியாவில் பல ஊர்களில் உண்டு. வரலாற்று உண்மை போல எழுதினால் திருப்பிவிடுவார்கள். 'மக்களிடையே இப்படி ஒரு நம்பிக்கை உண்டு' என்று எழுதி, அந்த நம்பிக்கையைப் பதிவு செய்த புத்தகத்தைக் காட்டினால் நிற்கும்.

இதில் இன்னொரு வழியும் இருக்கிறது. பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ஆங்லேட், நியூட்டன் என்பவரோடு சேர்ந்து இந்த மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை, இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் தன் ஆய்வு வரிசையில் 36-வது நூலாக வெளியிட்டது. பக்கத்திலிருக்கும் தாண்டிக்குடியில் தொல்லியல் அறிஞர் கா. ராஜன் குழுவினர் அகழாய்வு செய்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். செண்பகனூர் அருங்காட்சியகத்தில் இந்த மலையின் தொல்பொருள்கள் இருக்கின்றன. ஆக, கற்திட்டை பற்றி எழுத இந்த மலைக்கு நல்ல சான்றுகள் உண்டு. தேடி எடுக்க வேண்டும்.

3. "உலகப் புகழ்பெற்ற, சுவையில் நிகரற்ற மலைவாழை."
புகழ்ச்சி வார்த்தைகள் போய்விடும். 'விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் கிடைத்தது' என்று எழுதினால் நிற்கும். புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

4. "தங்குவதற்குச் சிறந்த இடம் இது, போன் நம்பர் இதோ."
இது விளம்பரம். கேள்வியே இல்லாமல் நீக்கப்படும். சுற்றுலா ஊர்ப் பக்கங்களில் இந்தத் தொல்லை அதிகம்.

5. 'பழனி' என்று இருப்பதை எல்லாம் 'பழநி' என்று மாற்றுவது.
இரண்டும் அச்சில் புழங்கும் வடிவங்கள். ஒருவர் மாற்ற, இன்னொருவர் திருப்ப, மறுபடி முதல் ஆள் மாற்ற, இது நாள் முழுக்க ஓடலாம். சான்று இரண்டு பக்கமும் இருக்கும்போது அடித்துத் திருத்துவதால் எதுவும் முடியாது. பேசித்தான் முடிக்க வேண்டும்.

எந்தச் சான்று செல்லும், எது செல்லாது?

பொதுவாக, எழுதியவருக்கும் விஷயத்துக்கும் நேரடித் தொடர்பில்லாத, சரிபார்த்து வெளியிடும் நடைமுறை உள்ள இடத்தில் வந்ததற்கு மதிப்பு அதிகம்.

செல்லக்கூடியவை:

- பல்கலைக்கழக, தொல்லியல் துறை வெளியீடுகள்
- நாளிதழ், வார இதழ், செய்தித் தொலைக்காட்சிகளின் செய்திகள்
- மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரசிதழ், மாவட்ட விவரச்சுவடி
- பதிப்பகம் வெளியிட்ட நூல்கள்

பொதுவாகச் செல்லாதவை:

- ஃபேஸ்புக் பதிவு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, சொந்த யூடியூப் வீடியோ
- வெளியிடப்படாத கடிதம், வீட்டில் இருக்கும் ஓலை அல்லது பத்திரம்
- இன்னொரு விக்கிபீடியா பக்கம்
- நீங்களே படித்துப் பொருள் சொன்ன கல்வெட்டின் போட்டோ

கடைசியில் சொன்னது பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். கல்வெட்டு கண் முன்னால் இருக்கிறது, பிறகென்ன? கல்வெட்டைப் படிப்பதும் காலம் கணிப்பதும் ஓர் ஆய்வு. அந்த ஆய்வு வேறெங்காவது வெளியாகியிருக்க வேண்டும். கல்வெட்டுத் துறையின் தொகுதியிலோ ஆய்விதழிலோ வந்திருந்தால் பிரச்சினை இல்லை. விக்கிபீடியாவிலேயே முதல்முறையாக அறிவிக்கக் கூடாது. ஆர்டிஐ-யில் வாங்கிய பதிலுக்கும் இதே சிக்கல்தான். அது உங்கள் கையில் மட்டும் இருக்கும் தாள். அதை வைத்து ஒரு பத்திரிகை செய்தி போட்டால், அந்தச் செய்தி சான்றாகும்.

அச்சில் வந்த எல்லாமும் செல்லும் என்றும் இல்லை. பிரிட்டனின் டெய்லி மெயில் நாளிதழைப் பொதுவாகச் சான்றாகக் காட்ட வேண்டாம் என்று ஆங்கில விக்கிபீடியா பயனர்கள் 2017-ல் விவாதித்து முடிவு செய்தார்கள். நம்ம ஊர் உதாரணமும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் பிரபலமானவை. ஆனால் அந்தக் காலனியக் காலத் தொகுப்புகளைச் சாதி வரலாற்றுக்கு நம்பகமான சான்றாக ஆங்கில விக்கிபீடியாவில் பொதுவாக ஏற்பதில்லை. அதற்குப் பின் வந்த ஆய்வுகளைக் கேட்கிறார்கள்.

சான்று இருந்தாலே போதுமா? கோவாவில் நடக்காத போர்

2007 ஜூலையில் ஆங்கில விக்கிபீடியாவில் 'பிச்சோலிம் மோதல்' என்று ஒரு கட்டுரை வந்தது. 1640-41-ல் கோவாவின் போர்ச்சுகீசியர்களுக்கும் மராட்டியப் பேரரசுக்கும் நடந்த போர் என்று நீளமாக எழுதப்பட்டிருந்தது. அடிக்குறிப்புகள், நூல் பட்டியல் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சில மாதங்களில் அதற்கு 'நல்ல கட்டுரை' என்ற தரச்சான்றும் கிடைத்தது.

ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அது அப்படியே இருந்தது. 2012 இறுதியில் ஒரு பயனர் அந்த நூல் பட்டியலை ஒவ்வொன்றாகத் தேடினார். அதில் சொன்ன முக்கிய நூல்கள் உலகத்திலேயே இல்லை! போரே கற்பனை என்பது தெரிந்து, 2012 டிசம்பரில் கட்டுரை நீக்கப்பட்டது.

1640-ல் சிவாஜிக்குப் பத்து வயதுதான். மராட்டியப் பேரரசே அப்போது உருவாகவில்லை. பள்ளி வரலாறு தெரிந்தவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் பார்த்தவர்கள் அடிக்குறிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். அதைத் திறந்து படிக்கவில்லை.

"சான்று கொடுத்தேன், அப்படியும் அழிச்சுட்டாங்க" என்று சிலர் சொல்வதற்கான பதிலும் இதில் இருக்கிறது. சான்றின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பக்கத்தைத் திறந்தால், நீங்கள் எழுதிய வரி அதில் இருக்க வேண்டும்.

செய்தி விக்கியைப் பார்த்து, விக்கி செய்தியைப் பார்த்து...

இன்னொரு பொறி இதைவிட ஆபத்தானது. 2008-ல் அமெரிக்க மாணவர் ஒருவர், கோவாட்டி என்ற தென் அமெரிக்க விலங்கின் பக்கத்தில் 'பிரேசிலிய ஆர்ட்வார்க் என்றும் அழைப்பார்கள்' என்று விளையாட்டாகச் சேர்த்தார். அப்படி ஒரு பெயரே கிடையாது. யாரும் திருப்பவில்லை. பிறகு சில நாளிதழ்களும் புத்தகங்களும் அந்தப் பெயரைப் பயன்படுத்தின. அப்புறம் அந்தச் செய்திகளையே விக்கிபீடியாவில் சான்றாகச் சேர்த்தார்கள். பொய்க்கு அச்சுச் சான்று கிடைத்துவிட்டது. 2014-ல்தான் இந்தக் கதை வெளியே வந்தது.

ஊர் வரலாறுகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும். சின்ன ஊர்களைப் பற்றித் திருவிழா நேரத்தில் செய்தி எழுதுபவர் அவசரத்துக்கு விக்கிபீடியாவைப் பார்த்து எழுதினால், அந்தச் செய்தி நாளை சான்றாகிவிடும். அதனால்தான் அனுபவமுள்ள பயனர்கள் தேதியைப் பார்க்கிறார்கள். விக்கிபீடியாவில் ஒரு வரி வந்த பிறகுதான் அதே வாசகத்தோடு செய்தி வந்திருக்கிறது என்றால், அது உண்மையில் தனிச் சான்று இல்லை.

எடிட் போர் என்றால் என்ன?

இரண்டு பேர் மாறி மாறித் திருப்பிக்கொண்டே இருந்தால் அதற்கு எடிட் போர் என்று பெயர். ஆங்கில விக்கிபீடியாவில் ஒரே பக்கத்தில் ஒருவர் 24 மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தற்காலிகமாகத் தடை செய்யலாம். இதில் யார் சொல்வது சரி என்று பார்ப்பதில்லை. நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மையாக இருந்தாலும் தடை வரலாம்.

சண்டை ஓயாத பக்கங்களைப் பூட்டவும் செய்வார்கள். ஆங்கிலத்தில் மிகவும் சிக்கலான பக்கங்களை, கணக்குத் தொடங்கி 30 நாளும் 500 திருத்தங்களும் ஆனவர்கள் மட்டுமே தொட முடியும்.

நம் பக்கத்தில் அதிகம் சண்டை நடப்பது சாதிப் பக்கங்களில். எந்த அரசர் எந்தச் சாதி என்று மாற்றி மாற்றி எழுதுவது ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. தெற்காசியச் சாதிகள் தொடர்பான பக்கங்களுக்கென்றே ஆங்கில விக்கிபீடியாவில் 2012-ல் தனிக் கட்டுப்பாடுகள் கொண்டுவரப்பட்டன.

இரண்டு தரப்பும் முரண்படும் விஷயத்தை எப்படி எழுத வேண்டும்? அதற்குக் கொடைக்கானலிலேயே உதாரணம் இருக்கிறது. பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கழிவுகள் வெளியே வந்தது தெரிந்து எழுந்த போராட்டத்தைத் தொடர்ந்து அது நடந்தது. தங்கள் உடல்நலம் பாதிக்கப்பட்டது என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை என்று இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனம் சொன்னது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

இதில் ஒரு தரப்பை மட்டும் முடிந்த உண்மையாக எழுதினால் எதிர்த்தரப்பு திருப்பும். யார் என்ன சொன்னார்கள், எந்த ஆய்வு என்ன சொன்னது, எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று பிரித்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சான்று கொடுத்து எழுதினால் திருப்புவது கடினம். படிப்பவருக்கும் அதுதான் நியாயம்.

இந்தியாவில் நீதிமன்றம் வரை போனது எப்படி?

அர்ஷ்தீப் சிங், 2022: ஆசியக் கோப்பையில் செப்டம்பர் 4 அன்று பாகிஸ்தானுக்கு எதிரான போட்டியில் ஒரு கேட்சை விட்டார். உடனே அவருடைய பக்கத்தில் 'இந்தியா' என்று இருந்த இடங்களில் 'காலிஸ்தான்' என்று யாரோ மாற்றினார்கள். மற்ற பயனர்கள் சில நிமிடங்களில் திருப்பிவிட்டார்கள். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் பரவிவிட்டது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் விக்கிபீடியா தரப்பிடம் விளக்கம் கேட்டது. மீளமைப்பு ஒருவரைக் காப்பாற்றும் கருவியும்தான் என்பதற்கு இது உதாரணம்.

ஏஎன்ஐ, 2024-25: அரசின் பிரசாரக் கருவி என்று விமர்சிக்கப்பட்டிருப்பதாகத் தன் பக்கத்தில் இருந்த வரிகள் அவதூறு என்று ஏஎன்ஐ 2024 ஜூலையில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ரூ.2 கோடி இழப்பீடு கேட்டது. திருத்த முயன்றபோது அது மாற்றப்பட்டுவிட்டது என்பதும் அதன் புகார். பயனர்களே பத்திரிகைச் செய்திகளை வைத்து எழுதுகிறார்கள், தாங்கள் எழுதுவதில்லை என்பது விக்கிமீடியா அறக்கட்டளையின் வாதம். சில பயனர்களின் விவரங்களைத் தரும்படி நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்கைப் பற்றியே விக்கிபீடியாவில் இருந்த தனிப் பக்கத்தை நீக்கச் சொன்னதால், 2024 அக்டோபரில் அது முடக்கப்பட்டது.

2025 ஏப்ரல் 17 அன்று, அவதூறு என்று சொல்லப்பட்ட பகுதிகளை நீக்கும்படி உயர் நீதிமன்றம் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. புதிதாக மனு செய்ய ஏஎன்ஐ-க்கு வழி விட்டது. மே 9 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு, வழக்கு பற்றிய பக்கத்தை நீக்கச் சொன்ன ஆணையையும் ரத்து செய்தது. நீதிமன்ற நடவடிக்கைகள் பொது விவாதத்துக்கு உட்பட்டவை என்று அமர்வு சொன்னது.

சம்பாஜி பக்கம், 2025: 'சாவா' படம் வந்த சமயத்தில், சத்ரபதி சம்பாஜி பற்றிய வரிகள் ஆட்சேபகரமானவை என்று மகாராஷ்டிரா சைபர் போலீஸ் விக்கிமீடியா அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதியது. பயனர்கள் சிலர் மீது வழக்கும் பதிந்தது.

இந்த மூன்றிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. புனைபெயரில் எழுதினாலும் சட்டம் தொடாது என்று நினைக்க முடியாது. யார் மீதாவது குற்றச்சாட்டு எழுதும்போது சான்று இல்லாவிட்டால், நஷ்டம் அந்தப் பக்கத்தோடு முடிவதில்லை.

அச்சிலேயே வராத ஊர் என்ன செய்யும்?

விதிக்கு இருக்கும் நியாயத்தைப் பார்த்தோம். அதன் குறையும் பெரிது. சென்னைக்கும் மதுரைக்கும் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு மலைக்கிராமத்தின் விதைப்பு முறை, சந்தை, சாமி கும்பிடும் முறை, பாதை போட்ட கதை எல்லாம் வயதானவர்களின் நினைவில் மட்டும் இருக்கலாம். 'வெளியான சான்று வேண்டும்' என்ற விதி, ஏற்கெனவே எழுதப்பட்டவர்களை மட்டும் மேலும் எழுத வைக்கிறது. எழுதப்படாதவர்கள் வெளியே நிற்கிறார்கள்.

இதை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2011-ல் அசல் பிரபலா என்ற இந்திய எழுத்தாளர், விக்கிமீடியா அறக்கட்டளையின் உதவியோடு 'வாய்மொழிச் சான்று' சோதனை ஒன்றை நடத்தினார். இந்தி, மலையாளம், தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழிகளில், ஊர்க்காரர்களிடம் பேட்டி எடுத்து, அந்த ஒலிப்பதிவுகளையே சான்றாகக் காட்டிக் கட்டுரைகள் எழுதினார்கள். கேரளத்தில் பிள்ளைகள் விளையாடும் 'டப்பா களி' அவற்றில் ஒன்று. பெரும்பாலானோர் விளையாடியிருப்பார்கள், ஆனால் அச்சில் தேடினால் கிடைக்காது!

ஆனால் பலரும் ஏற்கவில்லை. ஒலிப்பதிவு செய்தவர் சரியாகக் கேட்டாரா, பேசியவர் சொன்னது சரியா என்று சரிபார்க்கும் நடைமுறை எங்கே என்று கேட்டார்கள். பொது விதி மாறவில்லை. கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது.

அதனால் இப்போதைக்கு நடைமுறையில் இருக்கும் வழி, விக்கிபீடியாவுக்கு வெளியே முதலில் பதிவு செய்வது. கல்லூரி மாணவர்கள் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் ஆய்வேடு, பதிப்பகம் வழியாக வரும் ஊர் வரலாற்று நூல், நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும் கட்டுரை, இவை வெளியான பிறகு சான்றாகின்றன. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 'நூலகம்' திட்டமும், தமிழ்நாட்டின் பழைய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இணையத்தில் வைத்திருப்பதால் தேடுவதும் எளிதாகியிருக்கிறது.

பழனி மலை ஊர்களைப் பற்றித் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான். அதற்கு முந்தைய பதிவுகள் எல்லாம் மதுரை மாவட்டப் பெயரில் இருக்கும். 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை நாடு பற்றிய நூலும், 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடியும் இந்த மலைகளைப் பற்றிப் பேசுகின்றன. ஆங்கிலத்தில் தேடும்போது அன்றைய எழுத்துப்படி 'புல்னி' மலை என்றும் தேடிப் பார்க்க வேண்டும். அந்த நூல்கள் ஆங்கிலேய அதிகாரிகள் எழுதியவை என்பதால், அவற்றிலுள்ள மனிதர்களைப் பற்றிய தீர்ப்புகளை அப்படியே எடுக்காமல், பிற்கால ஆய்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

உங்கள் எடிட்டை அழித்துவிட்டார்களா? செய்ய வேண்டியது இதுதான்

- முதலில் 'வரலாறு' பாருங்கள். மொபைலில் பக்கத்தின் அடியில், கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்ற வரியைத் தொட்டால் வரும். திருப்பியவர் பெரும்பாலும் காரணத்தை ஒரு வரியில் எழுதியிருப்பார்.
- உடனே திருப்பித் திருப்பாதீர்கள். இரண்டாவது தடவை அதே வரியைப் போடுவதால் சான்று கூடாது, சந்தேகம்தான் கூடும்.
- பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு பேச்சுப் பக்கம் உண்டு. "இந்த வரிக்கு இந்த நூல், இந்தப் பக்கம் சான்று" என்று எழுதுங்கள். அங்கே முடியாவிட்டால், தமிழ் விக்கிபீடியாவின் பொது உரையாடல் இடமான 'ஆலமரத்தடி'யில் கேட்கலாம்.
- ஒரு வரிக்கு ஒரு சான்று. பத்து வரியை மொத்தமாகச் சேர்த்து, கடைசியில் ஒரு சான்று போட்டால் எந்த வரிக்கு அது என்று தெரியாது. மொத்தமும் போய்விடும்.
- உங்கள் தொடர்பைச் சொல்லிவிடுங்கள். உங்கள் கடை, கோயில் கமிட்டி, கல்லூரி பற்றியது என்றால் நேரடியாக எழுதாமல், பேச்சுப் பக்கத்தில் மாற்றத்தைக் கேளுங்கள்.
- பயிற்சிக்கு 'மணல்தொட்டி' இருக்கிறது. தவறாக எழுதினாலும் அங்கே யாருக்கும் பாதிப்பில்லை.
- போட்டோ கொடுங்கள். நீங்களே எடுத்த படத்தை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். சான்று கிடைக்காத ஊருக்குக்கூட இது உடனே பயன்படும்.

வாசகருக்கு ஏன் முக்கியம்?

ஒரு ஊரின் பெயரைப் போனில் தேடினால் முதலில் வரும் சுருக்கம் பெரும்பாலும் விக்கிபீடியாவிலிருந்து எடுத்தது. ஏஐ செயலிகளும் அதைப் படித்துத்தான் பழகியிருக்கின்றன. பள்ளி மாணவர் எழுதும் ப்ராஜெக்ட், சுற்றுலா வருபவர் தெரிந்துகொள்ளும் வரலாறு, இரண்டும் அங்கிருந்துதான் போகின்றன. சின்ன ஊர்ப் பக்கங்களைக் கவனிக்க ஆள் குறைவு. அதனால் தப்பான வரி ஒன்று நுழைந்தால் அங்கே ஆண்டுக்கணக்கில் தங்கும், பிச்சோலிம் கதை மாதிரி.

எனவே விக்கிபீடியாவில் ஒரு தகவலைப் பார்த்தால், வரியின் முடிவில் இருக்கும் சின்ன எண்ணைத் தொடுங்கள். சான்று திறக்கிறதா, அதில் அந்தத் தகவல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம்பலாம். எண்ணே இல்லை என்றால், அதை வைத்துக் கட்டுரை எழுதுவதோ, வாட்ஸ்அப்பில் அனுப்புவதோ வேண்டாம்.